பழைய சீன ஜாடி வாங்கினால் லாபமா? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு



பிரான்ஸ் நாட்டில் ஒரு குடும்பத்துக்குப் பரணில் கிடந்த ஷூ பெட்டிக்குள் ஒரு பழைய பூ ஜாடி கிடைத்தது. உயரம் சுமார் 30 செ.மீ. அதை ரயிலிலும் மெட்ரோவிலும் எடுத்துக்கொண்டு பாரிஸில் உள்ள சதபீஸ் ஏல நிறுவனத்துக்குப் போனார்கள். பார்த்த நிபுணர்கள், இது 18-ஆம் நூற்றாண்டில் சீனப் பேரரசர் சியென்லோங் காலத்தில் செய்தது என்றார்கள். 5 முதல் 7 லட்சம் யூரோ வரை போகலாம் என்று மதிப்பு போட்டார்கள். 2018 ஜூனில் ஏலம் முடிந்தபோது விலை, கட்டணம் சேர்த்து 1.62 கோடி யூரோ!

இந்த மாதிரி செய்தியைப் பார்த்ததும் நமக்கு என்ன தோன்றும்? "எஃப்.டி., மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் எதுக்கு? ஒரு நல்ல சீன ஜாடியை வாங்கி வச்சா போதுமே!" அதுவும் ரிட்டையர்மென்ட் பணம் மொத்தமாகக் கைக்கு வந்திருக்கும் நேரத்தில், "இது அரிய பொருள் சார், வருஷத்துக்கு வருஷம் விலை ஏறும்" என்று ஒருவர் சொன்னால் மனசு ஆடத்தான் செய்யும்.

அதனால் இந்தப் பதிவில் நான்கு விஷயங்களைப் பார்க்கப் போகிறோம். இந்த ஜாடிகளுக்கு ஏன் இவ்வளவு விலை? அந்த விலையில் உங்கள் கைக்கு உண்மையில் எவ்வளவு வரும்? இந்தியாவில் இருந்துகொண்டு வாங்கினால் சட்டம் என்ன சொல்கிறது? ஆசைக்காக வாங்குவதாக இருந்தால் எப்படி ஆரம்பிப்பது? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்த ஜாடியைப் பற்றிப் பேசுகிறோம்?

நம்ம வீட்டு ஊறுகாய் ஜாடியைத் தொட்டுப் பாருங்க. மேலே கண்ணாடி மாதிரி ஒரு வழவழப்பு இருக்கும். அதுதான் கிளேஸ், அதாவது மேற்பூச்சு. மண் பாத்திரத்தின் மேல் பூசி, சூளையில் உருக வைத்தால் அது கண்ணாடிப் படலமாக மாறிவிடும். சீனர்கள் இந்தக் கலையில் 2000 வருடத்துக்கும் மேலாக ஊறியவர்கள்.

சீனப் பீங்கானின் தலைநகரம் என்றால் ஜியாங்ஷி மாகாணத்தில் உள்ள ஜிங்தேசென் நகரம்தான். அங்கே கிடைக்கும் ஒரு வகை வெள்ளைக் களிமண்ணையும் பீங்கான் கல் பொடியையும் சேர்த்து, சுமார் 1300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டார்கள். மெல்லியதாக இருக்கும், வெளிச்சம் லேசாக ஊடுருவும், தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும். அந்தக் களிமண்ணுக்கு உலகம் முழுக்க வழங்கும் "கேயோலின்" என்ற பெயரே, ஜிங்தேசென் பக்கத்தில் இருக்கும் காவோலிங் என்ற இடத்தின் பெயரில் இருந்து வந்ததுதான்.

மேற்பூச்சில் பல வகை உண்டு. சந்தையில் அடிக்கடி காதில் விழுபவை இவை:

1. செலடான்: இரும்புச் சத்து கலந்த பச்சை நிறப் பூச்சு. செஜியாங் மாகாணத்தின் லோங்சுவான் சூளைகள் இதற்குப் பேர் போனவை. கப்பல் ஏறி ஆசியா முழுக்கப் போன சரக்கு இது. நம்ம ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்விலும் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்திருக்கின்றன.

2. நீலம்-வெள்ளை: கோபால்ட் நிறத்தால் படம் வரைந்து, அதன் மேல் நிறமில்லாத பூச்சு போட்டுச் சுடுவது. 14-ஆம் நூற்றாண்டில், யுவான் வம்ச காலத்தில் பெரிய அளவில் வளர்ந்தது.

3. செம்புச் சிவப்பு: சூளைக்குள் காற்றும் சூடும் கொஞ்சம் மாறினாலும் நிறம் கெட்டுவிடும். நல்ல சிவப்பு கிடைப்பது கஷ்டம், அதனால் மவுசு அதிகம்.

4. எனாமல் வண்ணம்: ஜாடியை ஒருமுறை சுட்டு எடுத்து, பூச்சின் மேல் வண்ணம் தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடி சுடுவது. 18-ஆம் நூற்றாண்டில் தங்கத்தில் இருந்து எடுத்த இளஞ்சிவப்பு நிறம் வந்தபிறகு இது உச்சத்துக்குப் போனது.

விலையை எது முடிவு செய்கிறது?

பழசு என்றால் விலை அதிகம் என்பது தப்புக் கணக்கு. 800 வருஷத்துப் பழைய கிண்ணம் சில ஆயிரம் ரூபாய்க்கும், 250 வருஷத்து ஜாடி பல கோடிக்கும் போகும் சந்தை இது. விலையை முடிவு செய்வது ஐந்து விஷயங்கள்.

முதலாவது, யாருக்காகச் செய்தது என்பது. அரண்மனைக்காக அரசுச் சூளையில் செய்தது ஒரு ரகம். ஊர் மக்களுக்காகத் தனியார் சூளையில் செய்தது இன்னொரு ரகம். ஐரோப்பாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் கப்பலில் அனுப்பச் செய்தது மூன்றாவது ரகம். செய்தியில் வரும் கோடிகள் பெரும்பாலும் முதல் ரகத்துக்கு மட்டும்தான்.

இரண்டாவது, எந்தப் பேரரசர் காலம் என்பது. சிங் வம்சத்தில் காங்ஷி (1662–1722), யோங்செங் (1723–1735), சியென்லோங் (1736–1795) ஆகிய மூவர் காலத்துக்குத்தான் அதிக மதிப்பு.

மூன்றாவது, நிலைமை. மயிரிழை விரிசல், விளிம்பில் சில்லு, ஒட்டிய கழுத்து, எதுவாக இருந்தாலும் விலை சரியும். மேற்கு நாடுகளில் பல ஜாடிகளின் அடியில் துளை போட்டு மேஜை விளக்காக மாற்றியிருக்கிறார்கள். அந்தத் துளை ஒன்றே விலையின் பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிடும். கழுத்து உடைந்ததை மறைக்க, மேல் பகுதியைச் சமமாக வெட்டி உயரத்தைக் குறைத்தவையும் உண்டு.

நான்காவது, ஜோடியா தனியா என்பது. ஒரே மாதிரி இரண்டு ஜாடி சேர்ந்து இருந்தால், தனி ஜாடி விலையின் இரண்டு மடங்குக்கும் மேலேயே கேட்பார்கள்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம்: கைமாறிய வரலாறு. எந்த வருஷம், யாரிடம் இருந்தது, எந்த ஏலத்தில் விற்றது என்று சொல்லும் ரசீதுகள், பழைய கேட்டலாக், புகைப்படம், சொத்துப் பட்டியல்.

அந்த ஷூ பெட்டி ஜாடியையே எடுத்துக்கோங்க. அதிர்ஷ்டத்தில் கிடைத்தது மாதிரிதான் செய்தியில் வந்தது. ஆனால் 1947-ல் இறந்துபோன ஒரு உறவினரின் பாரிஸ் வீட்டுப் பொருட்கள் பட்டியலில் அந்த ஜாடி இருந்தது. ஹாங்காங்கில் 2020-ல் 8.49 கோடி ஹாங்காங் டாலருக்குப் போன ஒரு துளை வேலைப்பாட்டு ஜாடியும் அப்படித்தான். 1954-ல் லண்டன் ஏலத்தில் வெறும் 44 பவுண்டுக்கு விற்ற பதிவு அதற்கு இருந்தது. போலிகள் குவிந்து கிடக்கும் சந்தையில், 1954-ல் இந்த ஜாடி இருந்தது என்று நிரூபிக்கும் ஒரு காகிதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று யோசித்துப் பாருங்க. இந்தச் சந்தையில் பணம் அந்த ஆதாரத்துக்குத்தான். ஆதாரம் இல்லாத ஜாடி, அலமாரியில் வைக்க அழகான ஜாடி. அவ்வளவுதான்.

அடியில் முத்திரை இருக்கே, அது போதாதா?

போதாது. ஜாடியின் அடியில் ஆறு சீன எழுத்துகளில் "மகா சிங் வம்சம், சியென்லோங் ஆட்சியில் செய்தது" என்கிற மாதிரி எழுதியிருக்கும். நம்ம ஆட்கள் இதை நகையில் ஹால்மார்க் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

சீனாவில் பழைய பேரரசரின் முத்திரையைப் புதிய பாத்திரத்தில் போடுவது பல நூறு வருஷப் பழக்கம். முன்னோர் காலத்து வேலைக்கு மரியாதை செய்வதாக நினைத்தும் போட்டார்கள், விற்பதற்காகவும் போட்டார்கள். 17-ஆம் நூற்றாண்டின் காங்ஷி காலப் பாத்திரங்களில் 15-ஆம் நூற்றாண்டு செங்ஹுவா முத்திரை சர்வசாதாரணம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த ஜாடிகளில் காங்ஷி முத்திரை அதேபோல ஏராளம். இன்றைக்கும் ஜிங்தேசென்னில் எந்த முத்திரையையும் போட்டுக் கொடுப்பார்கள். முத்திரை என்பது ஒருவர் எழுதிவைத்த எழுத்து. அதை வைத்து மட்டும் பணம் கொடுக்காதீங்க.

செய்தியில் வராத பாதி

2010 நவம்பரில், லண்டனின் மேற்குப் பகுதியில் உள்ள ரைஸ்லிப்பில் ஒரு சின்ன ஏலக் கடை. ஒரு வீட்டைக் காலி செய்யும்போது கிடைத்த சியென்லோங் ஜாடி ஏலத்துக்கு வந்தது. மதிப்பீடு 8 லட்சம் முதல் 12 லட்சம் பவுண்டு. சுத்தியல் தட்டியது 4.3 கோடி பவுண்டில். கட்டணம் சேர்த்து 5.16 கோடி பவுண்டு. உலகச் செய்தி ஆனது.

அதன்பிறகு என்ன ஆச்சு தெரியுமா? ஏலம் எடுத்தவர் பணமே கட்டவில்லை. மாதங்கள் போயின, வருஷம் போனது. கடைசியில் வேறொரு நிறுவனம் மூலமாக, ஏலத்தில் அறிவித்த விலையில் பாதிகூட இல்லாமல், 2 முதல் 2.5 கோடி பவுண்டுக்குள் கைமாறியதாகச் செய்தி வந்தது. அதுவும் பெரிய பணம்தான். ஆனால் அறிவித்த விலையும் கைக்கு வந்த பணமும் ஒன்றில்லை என்பதை மனசில் வச்சுக்கோங்க. பெரிய ஏல நிறுவனங்கள் இப்போ விலை உயர்ந்த பொருட்களுக்கு முன்பணம் கட்டினால்தான் ஏலம் கேட்க விடுகின்றன.

2022-ல் பிரான்ஸின் ஃபோன்டென்ப்ளோவில் இன்னொரு ஏலம். நீலம்-வெள்ளையில் டிராகன் படம் போட்ட பெரிய உருண்டை ஜாடி. கேட்டலாக்கில் 20-ஆம் நூற்றாண்டு வேலை என்று போட்டு, 1,500 முதல் 2,000 யூரோ என்று மதிப்பிட்டிருந்தார்கள். ஏலம் கேட்க வந்தவர்களோ இது 18-ஆம் நூற்றாண்டு என்று நம்பிப் போட்டி போட்டார்கள். சுத்தியல் விலை 77 லட்சம் யூரோ! மதிப்பீட்டாளர் சொன்னதும் வாங்கியவர் நம்பியதும் பல ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஒரு பங்கின் விலையை நீங்க மொபைலில் பார்த்துக்கொள்ளலாம். இங்கே ஒரே பொருளுக்கு 2,000 என்றும் சொல்ல முடிகிறது, 77 லட்சம் என்றும் சொல்ல முடிகிறது. இதில் சேமிப்பை வைப்பவர் எவ்வளவு ரிஸ்க் எடுக்கிறார்?

பென்ஷன் பணத்தில் பீங்கான் வாங்கியவர்கள்

"சரி, ஒழுங்காக நிபுணர்களை வைத்து வாங்கினால்?" அதையும் ஒருவர் செய்து பார்த்துவிட்டார்கள். பிரிட்டிஷ் ரயில்வே ஊழியர்களின் பென்ஷன் நிதி!

1970-களின் நடுவில் இங்கிலாந்தில் பணவீக்கம் தலைவிரித்து ஆடியது. பங்குச் சந்தையும் படுத்துக் கிடந்தது. பென்ஷன் பணத்தின் மதிப்பு கரையுமே என்று பயந்த நிதி நிர்வாகிகள், 1974-ல் இருந்து 1980 வரை சுமார் 4 கோடி பவுண்டுக்குக் கலைப்பொருட்கள் வாங்கினார்கள். மொத்தம் 2,400-க்கு மேல். ஓவியம், கையெழுத்துப் பிரதி, அதோடு சீனப் பீங்கானும். ஆலோசனை சொன்னது சதபீஸ் நிறுவனம்.

1989-ல் சீனப் பொருட்களை ஹாங்காங்கிலும் லண்டனிலும் விற்றார்கள். ஜப்பானியப் பணம் ஏலச் சந்தையில் கொட்டிக்கொண்டிருந்த நேரம். மேற்பூச்சு போட்ட தாங் வம்சத்து மண் குதிரை ஒன்றே 37.4 லட்சம் பவுண்டுக்குப் போனது. செம லாபம் என்று தோன்றும். ஆனால் மொத்தத் தொகுப்பையும் விற்று முடித்து அவர்கள் போட்ட கணக்கில், வருஷத்துக்குச் சுமார் 11%. பணவீக்கத்தைக் கழித்தால் ஏறக்குறைய 4%.

மோசமில்லை. நஷ்டமும் இல்லை. ஆனால் இதைச் சாதிக்க என்ன தேவைப்பட்டது என்று பாருங்க:

– உலகின் தலைசிறந்த நிபுணர்கள் பக்கத்தில் இருந்தார்கள்.
– 2,400 பொருட்களில் ரிஸ்க் பரவியிருந்தது.
– எப்போ விற்பது என்று காத்திருக்கும் பலம் இருந்தது. மாதச் செலவுக்கு அந்தப் பணம் வேண்டியதில்லை.
– இத்தனை இருந்தும், மொத்த நிதியில் கலைப்பொருளுக்குப் போனது சுமார் 3% மட்டும்தான்.

நம்மிடம் இதில் எத்தனை இருக்கு? ஒரே ஜாடியில் ரிட்டையர்மென்ட் பணத்தில் பாதியைப் போடும் ஒருவரிடம் ஒன்றுகூட இல்லை.

உங்க கைக்கு எவ்வளவு வரும்? இதோ கணக்கு

ஏலத்தில் இரண்டு பக்கமும் கட்டணம் உண்டு. வாங்குபவர் சுத்தியல் விலைக்கு மேல் ஒரு கட்டணம் தர வேண்டும். பெரிய நிறுவனங்களில் இது 20 முதல் 27% வரை இருந்து வருகிறது. விற்கும்போது விற்பவரிடமும் கமிஷன் பிடிப்பார்கள். ஒரு உதாரணம் போடுவோம்.

வாங்கும்போது:
– சுத்தியல் விலை: 1,00,000 ரூபாய்
– வாங்குபவர் கட்டணம் 26%: 26,000 ரூபாய்
– பேக்கிங், கப்பல், இன்சூரன்ஸ், வரி என்று வைத்துக்கொள்வது: 10,000 ரூபாய்
– உங்க பையில் இருந்து போனது: 1,36,000 ரூபாய்

விற்கும்போது:
– கமிஷன் 10%, புகைப்படம், இன்சூரன்ஸ் செலவு 2% என்று வைத்துக்கொண்டால், சுத்தியல் விலையில் 88% மட்டுமே கைக்கு வரும்.

அப்படின்னா போட்ட 1,36,000 திரும்பி வரவே, சுத்தியல் விலை சுமார் 1,54,500 ஆக வேண்டும். 54% ஏறினால்தான் உங்க லாபம் பூஜ்யம்! இது 10 வருஷத்தில் நடந்தால் ஜாடியின் விலை வருஷத்துக்கு 4.5% ஏறியிருக்கும், உங்களுக்கு ஒரு பைசா லாபம் இருக்காது.

அதே 1,36,000 ரூபாயை 7% வட்டியில் 10 வருஷம் விட்டிருந்தால் சுமார் 2,67,500 ரூபாய். ஜாடியில் இருந்து அதே தொகை வர வேண்டும் என்றால், 1 லட்சத்துக்கு வாங்கியது 3,04,000-க்கு விற்க வேண்டும். மூன்று மடங்கு. வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 11.8% விலை ஏற்றம். வருமான வரியை இரண்டு பக்கமும் இதில் சேர்க்கவில்லை. இடையில் வட்டி கிடையாது, டிவிடெண்ட் கிடையாது, வாடகை கிடையாது. அவசரத்துக்கு அடகு வைக்கவும் முடியாது. பூனை ஒன்று அலமாரியில் ஏறினால் அசலும் கிடையாது!

"பெரிய ஐட்டம்ஸ் எல்லாம் பயங்கரமா ஏறுதே" என்பீங்க. இந்தச் சந்தையின் மிகப் பிரபலமான உதாரணம், ஜாடி இல்லை, ஒரு சின்னக் கிண்ணம். செங்ஹுவா (1465–1487) காலத்து கோழிப் படம் போட்ட கிண்ணம். ஹாங்காங்கில் 1980-ல் 52.8 லட்சம் ஹாங்காங் டாலர், 1999-ல் 2.917 கோடி, 2014-ல் 28.124 கோடி. 34 வருஷத்தில் 53 மடங்கு. கேட்கவே தலை சுற்றுகிறது இல்லையா? இதையே வருஷக் கணக்கில் மாற்றினால் கூட்டு வளர்ச்சி சுமார் 12.4%. அதிலும் விற்பவர் கைக்கு வருவது கட்டணம் போக மீதிதான். உலகத்திலேயே சிறந்த ஒரு பொருளின் கதை இது. சாதாரணப் பொருளின் கதையை யாரும் செய்தியாகப் போடுவதில்லை.

இந்தியாவில் இருந்து வாங்கினால் சட்டம் என்ன?

இந்தப் பகுதியைத் தயவு செய்து தாண்டிப் போகாதீங்க.

1. சீனாவில் இருந்து கொண்டு வருவது: 1911-க்கு முந்தைய கலைப்பொருட்களை நாட்டை விட்டு எடுத்துப் போகச் சீன விதிகள் பொதுவாகத் தடை விதிக்கின்றன. அதனால் பெய்ஜிங் சந்தையில் "அசல் சிங் காலத்து ஜாடி, பில்லோடு தர்றேன்" என்று யாராவது சொன்னால் இரண்டில் ஒன்று. ஒன்று அது புதுசு, அல்லது அதை வெளியே கொண்டு போவது குற்றம்.

2. இந்தியாவை விட்டு வெளியே அனுப்புவது: நம்ம தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 1972, 100 வருஷத்துக்குக் குறையாத பழைய கலைப்பொருளைத் தொல்பொருள் என்கிறது. அந்த வரையறை இந்தியாவில் செய்த பொருள் என்று மட்டும் சொல்லவில்லை. தொல்பொருளைத் தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. அதாவது நல்ல விலை கிடைக்கும் ஹாங்காங், லண்டன் ஏலங்களுக்கு நீங்களாக அனுப்ப வழி இல்லை. இங்கேயே வாங்க ஆள் தேட வேண்டும். அதற்கான ஆட்கள் இங்கே மிகக் குறைவு. வெளிநாட்டில் வாங்கி இந்தியாவுக்குக் கொண்டு வர நினைத்தால், வரும் முன்பே இந்தியத் தொல்லியல் துறையிடம் நிலவரம் கேட்டுக்கோங்க. தொல்பொருள் வியாபாரம் செய்யவும் அவர்களின் லைசென்ஸ் வேண்டும்.

3. வரி: வீட்டு உபயோகப் பொருளை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை என்ற சலுகை கலைப்படைப்புகளுக்குக் கிடையாது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், 2024 ஜூலை 23 முதல் உள்ள விதிப்படி 12.5% வரி, இண்டெக்ஸேஷன் கிடையாது. அதற்கு முன் விற்றால் உங்க வருமான வரி ஸ்லாப் படி. வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைங்க.

சிங்கப்பூர், மலேசியா, லண்டன், வளைகுடா என்று வெளியே இருக்கும் நண்பர்களுக்கு விதிகள் வேறு. அங்கேயே வாங்கி அங்கேயே விற்பது உங்களுக்கு இன்னும் எளிது.

போலியை எப்படிச் செய்கிறார்கள்?

புது ஜாடியின் பளபளப்பைக் குறைக்க அமிலம் தடவுவார்கள். தேய்மானம் தெரிய மணல் காகிதத்தால் தேய்ப்பார்கள். அடியில் மண்ணும் கறையும் ஏற்றுவார்கள். உடைந்துபோன அசல் பாத்திரத்தின் அடிப்பகுதியை எடுத்துப் புது உடம்போடு ஒட்டுவதும் உண்டு. அடியில் துளைத்து மாதிரி எடுத்து, கடைசியாகச் சுட்ட காலத்தைக் கணக்கிடும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அந்த மாதிரி ஒட்டு வேலையில் அதுவும் ஏமாறும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை:

– கழுத்தையோ கைப்பிடியையோ பிடித்துத் தூக்காதீங்க. ஒரு கை அடியில், ஒரு கை உடம்பில். மோதிரம், வாட்ச் கழற்றி வைங்க.
– அடி வளையத்தைப் பாருங்க. பூச்சு இல்லாத அந்த இடத்தில் மண்ணின் நிறமும் நயமும் தெரியும். தேய்மானம் தரையில் உட்காரும் இடத்தில் இருக்க வேண்டும். எட்டாத மடிப்புக்குள்ளும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் சந்தேகம்.
– லென்ஸ் வைத்துக் கீறலைப் பாருங்க. காலத்தால் வந்த கீறல் பல திசையில் இருக்கும். எல்லாம் ஒரே பக்கமாக ஓடினால் யாரோ தேய்த்திருக்கிறார்கள்.
– உள்ளே டார்ச் அடித்துப் பாருங்க. மயிரிழை விரிசல் வெளிச்சத்தில் கோடாகத் தெரியும். விரலால் மெல்லத் தட்டினால் விரிசல் விட்ட ஜாடி மந்தமாக ஒலிக்கும்.
– புற ஊதா விளக்கில் பல ரிப்பேர் வேலைகள் வேறு நிறத்தில் காட்டிக்கொடுக்கும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டால் மட்டமான போலியைத் தவிர்க்கலாம். தேர்ந்த போலியைப் பிடிக்க, ஆயிரக்கணக்கான அசல்களைத் தொட்டுப் பார்த்த கை வேண்டும். அதனால்தான் மறுபடி மறுபடி சொல்கிறேன், ஆதாரக் காகிதம் முக்கியம்.

ஆசைக்காக வாங்குவதாக இருந்தால்

அழகுக்காகச் சேகரிப்பது அருமையான பொழுதுபோக்கு. அதைத் தடுக்க நான் வரவில்லை. முறையாகச் செய்யுங்க.

முதலில் எமர்ஜென்சி ஃபண்ட், ஹெல்த் இன்சூரன்ஸ், டேர்ம் இன்சூரன்ஸ், குழந்தைகள் படிப்பு, ரிட்டையர்மென்ட், இதெல்லாம் தனியாக இருக்கணும். அதன்பிறகு, மொத்தமாகப் போனாலும் தூக்கம் கெடாத பணம் மட்டும். ரயில்வே பென்ஷன் நிதியே 3%-க்குள் நின்றது என்றால், நமக்கு அதற்குக் குறைவாக இருப்பதுதான் நியாயம்.

ஆறு மாதம் எதையும் வாங்காதீங்க. அருங்காட்சியகங்களில் அசலைப் பாருங்க. லண்டன் போனால் பிரிட்டிஷ் மியூசியத்தில் சர் பெர்சிவல் டேவிட் தொகுப்பு இருக்கிறது, அனுமதி இலவசம். சிங்கப்பூர் போனால் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம். ஏல நிறுவனங்களின் பழைய விலைகள் இணையத்தில் கிடைக்கின்றன, அதையும் படிங்க. விற்காமல் போன பொருட்களையும் சேர்த்துக் கவனிங்க.

ஆரம்பத்தில் அரண்மனைப் பொருள் பக்கம் போகவே வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டுச் சாதாரண நீலம்-வெள்ளை, ஏற்றுமதிச் சரக்கு, கப்பல் விபத்துச் சரக்கு, இவை எளிதான வாசல். சுமார் 1690-ல் வியட்நாம் கடலில் மூழ்கிய கப்பலின் வுங் டாவ் சரக்கு 1992-ல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போனது, அதில் சின்னச் சின்ன ஜாடிகள் உண்டு. 1822-ல் மூழ்கிய டெக் சிங் கப்பலில் இருந்து எடுத்த சுமார் 3.5 லட்சம் பொருட்கள் 2000-ல் ஜெர்மனியில் ஏலம் போயின. இவற்றில் ஏல ஸ்டிக்கரும் சான்றிதழும் சேர்ந்தே கைமாறும். ஸ்டிக்கரையும் போலி செய்வார்கள் என்பதால் ஏல ரசீதோடு ஒத்துப் பார்த்து வாங்குங்க.

விற்பவரிடம் எழுத்தில் கேளுங்க: காலம் எது, ரிப்பேர் உண்டா, தப்பு என்று தெரிந்தால் பணம் திரும்ப வருமா? எழுதித் தரத் தயங்குபவரிடம் வாங்காதீங்க.

வீட்டில் பழைய ஜாடி ஏற்கெனவே இருந்தால்?

பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்று போய் வந்த குடும்பங்கள் நம்மில் நிறைய. தாத்தா கொண்டு வந்த ஜாடி ஏதாவது பரணில் இருக்கலாம். பெரும்பாலும் அது அன்றாட உபயோகச் சரக்காகவோ, பளிச்சென்ற நிறத்தில் பெரானக்கன் சீனர்களுக்காகச் செய்த நோன்யா பீங்கானாகவோதான் இருக்கும். கோடி எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடும் முன் இதைச் செய்யுங்க.

– ஆசிட், பிளீச்சிங் போட்டுக் கழுவாதீங்க. உடைந்திருந்தால் ஒட்டாதீங்க. துளை போடாதீங்க.
– முழு உருவம், அடி, முத்திரை, உள்பக்கம், விரிசல் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்க.
– கப்பல் டிக்கெட், பழைய கடிதம், ஜாடி தெரியும் கல்யாண போட்டோ, பாகப்பிரிவினைப் பத்திரம், எது இருந்தாலும் தேடி எடுத்து ஒரே கவரில் வைங்க. பாட்டி, பெரியப்பா யாராவது இருந்தால் அவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதி வைங்க.
– பெரிய ஏல நிறுவனங்கள் படத்தைப் பார்த்து முதல்கட்ட மதிப்பை இலவசமாகச் சொல்கின்றன. குறைந்தது இரண்டு பேரிடம் கேளுங்க. மதிப்பு சொல்பவரே "நானே வாங்கிக்கிறேன்" என்றால் உஷார்.
– "வெளிநாட்டு பார்ட்டி ரெடி, டெஸ்ட்டிங் ஃபீஸ் மட்டும் முன்னாடி கட்டுங்க" என்று கேட்டால் அங்கேயே பேச்சை முடிச்சுடுங்க. மேலே சொன்ன ஏற்றுமதித் தடை ஒன்றே போதும், அந்தப் பேச்சு எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ள.

கடைசியாக

சீன ஜாடிச் சந்தையில் பெரிய லாபம் பார்த்தவர்கள் உண்டு. அவர்களிடம் அறிவு, ஆதாரம், பொறுமை, அந்தப் பணம் இல்லாமலும் வாழும் வசதி, நான்கும் இருந்தன. இந்த நான்கில் எது உங்களிடம் குறைந்தாலும், ஜாடியைப் பார்க்கிற சந்தோஷத்துக்காக மட்டும் வாங்குங்க. அந்தச் சந்தோஷத்துக்கு எவ்வளவு தரலாம் என்று வாங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிட்டு, அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடப் போகாதீங்க.

உங்க வீட்டுப் பெரியவர்கள் யாராவது மொத்தப் பணத்தை இந்த மாதிரி பொருளில் போட யோசித்துக்கொண்டு இருந்தால், அந்த 54% கணக்கை அவர்களுக்கு அனுப்பி வைங்க. இந்தப் பதிவு தகவலுக்காக மட்டுமே. பெரிய தொகை போடும் முன் உங்க ஆடிட்டரையும் நிதி ஆலோசகரையும் கலந்து பேசுங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்.